கழிவு விலையில் வாங்குமுன் கணக்குப் பார்ப்பது எப்படி?

வருடப்பிறப்பும் தீபாவளியும் நெருங்கினால் யாழ்ப்பாண நகரக் கடைகளின் கண்ணாடிகளில் 'மாபெரும் மலிவு விற்பனை' என்ற தாள்கள் ஏறிவிடும். கஸ்தூரியார் வீதியில் ஒரு புடைவைக் கடையில் நெடுங்காலம் கணக்கெழுதியவள் நான். அந்தத் தாள்கள் எல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் யாரும் காசை எடுக்கக் கூடாது: இந்தக் கழிவு எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகிறது?

அந்த விலையை எழுதுவது கடைதான். சென்ற மாதம் 2,000 ரூபாவுக்கு விற்ற சாறிக்கு 2,800 என்று புதிய சீட்டு ஒட்டி, 30 வீதம் கழித்தால் 1,960 ரூபா வரும். வாங்குபவர் 840 ரூபா மிச்சம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்குகிறார். உண்மையில் மிஞ்சியது 40 ரூபா. எனவே விலைச் சீட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சீட்டுகள் இருந்தால் கீழேயிருப்பதன் விலை என்ன என்று விற்பனையாளரிடமே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இதற்கு ஒரே மருந்து, விலையை நாமே முன்கூட்டி அறிந்து வைத்திருப்பது. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, வாங்க நினைக்கும் பொருளின் விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொருளின் பெயர், அளவு, கடை, திகதி, விலை ஆகியவை போதும். பால்மா, பருப்பு, சவர்க்காரம் போன்றவற்றுக்கு 100 கிராமுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதினால் பெரிய பொதி உண்மையிலேயே மலிவா என்பது உடனே தெரிந்துவிடும். சுப்பர் மார்க்கெட்டின் 'விசேட விலை'யை விட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்துச் சிறிய கடையின் வழமையான விலை குறைவாக இருப்பதைப் பல தடவை என் கொப்பி காட்டியிருக்கிறது.

'50 வீதத்துடன் மேலும் 20 வீதம்' என்பதை 70 என்று கூட்டாதீர்கள். 1,000 ரூபா முதலில் 500 ஆகிறது. அந்த 500இல் 20 வீதம் போக 400. ஆகக் கழிவு 60 வீதம். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 33 வீதக் கழிவு. அதுவும் மூன்றும் உங்களுக்குத் தேவையாக இருந்தால் மட்டுமே.

புடைவையில் உண்மையான மலிவு பண்டிகை முடிந்த பிறகுதான் வரும். விற்காமல் தேங்கிய சரக்கில் முதலாளியின் காசு முடங்கிக் கிடக்கிறது. அதை எடுக்க அவர் அடக்க விலைக்கே கொடுப்பார், சில வேளை அதற்கும் கீழே. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும் காலத்தில் அந்த அவசரம் அவருக்கு இல்லை. ஆனால் தேங்கிய சாறியை மடிப்போடு வாங்காதீர்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முழுதாக விரியுங்கள். கண்ணாடி அலுமாரியில் பல மாதம் கிடந்த சாறியில் மடிப்பின் விளிம்பு மட்டும் ஒரு கோடாக வெளுத்திருக்கும். பட்டு என்றால் அந்தக் கோட்டின் குறுக்கே விரலை ஓட்டுங்கள். இழை விலகத் தொடங்கியிருந்தால் தெரியும். சரிகை கறுத்திருக்கிறதா என்று முந்தானையின் உட்புறத்தையும் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

நகைக் கடையில் கணக்கு வேறு. அன்றைய பவுண் விலையில் கடைக்காரர் பெரிதாகக் குறைக்க முடியாது. கழிவு செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் வரும். 'செய்கூலி இல்லை' என்றால் சேதாரம் எத்தனை வீதம் என்று கேளுங்கள். ஒரு பவுண் என்பது 8 கிராம். நிறை, சேதாரம், கூலி மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்கி, மொத்தத் தொகையை அடுத்த கடையோடு ஒப்பிடுங்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது தவணை முறை. ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு 180,000 ரூபா, மாதம் 7,500 வீதம் 24 மாதம், வட்டி இல்லை என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே கையெழுத்துப் போடாமல், 'முழுக் காசும் இன்றே தந்தால் என்ன விலை?' என்று கேளுங்கள். 162,000 என்று பதில் வந்தால், அந்த 18,000 ரூபாதான் வட்டி. கடனட்டைக் கழிவிலும் உச்சத் தொகை, குறைந்தபட்சக் கொள்வனவு, வங்கிக் கட்டணம் மூன்றையும் விசாரியுங்கள். நகையை அடகு வைத்து மலிவு விற்பனையில் பொருள் வாங்கும் வீடுகள் நம்மூரில் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழிவு ஒரு தடவைதான் கிடைக்கும். அடகு வட்டி மாதா மாதம் ஏறும். பழைய குளிர்சாதனப் பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால் அது ஓடட்டும்.

பற்றுச்சீட்டு வாங்காமல் கடையை விட்டு வெளியேறாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரவேண்டும். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதும் குற்றம். முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அதற்குப் பற்றுச்சீட்டு கையில் இருந்தால் பேச்சு சுலபம். இப்போதைய இயந்திரச் சீட்டுகளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. ஆகவே வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, உத்தரவாத அட்டையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.