கிரஷர் டஸ்ட்டில் வீட்டிலேயே சாலிட் பிளாக் போடலாம் வாங்க

குவாரியில் பாறையை உடைத்து ஜல்லி எடுத்தபின் மிஞ்சுகிற பொடிதான் கிரஷர் டஸ்ட். ஜல்லிக்கு இருக்கிற கிராக்கி இதற்குக் கிடையாது. குவாரி ஓரத்தில் குவிந்து கிடக்கும், காற்றடித்தால் பக்கத்து வயலில் போய்ப் படியும். எங்கள் தோட்டத்து ஓரச்சுவருக்கு இதை வைத்துத்தான் சாலிட் பிளாக், அதாவது உள்ளே ஓட்டை இல்லாத சிமெண்ட் கல், போட்டேன். சுவர் நன்றாக நிற்கிறது. எப்படிப் போட்டாய் என்று கேட்டவர்கள் அதிகமாகிவிட்டதால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கல் தோட்டத்துச் சுவர், செடிப் பாத்தி, மோட்டார் மறைப்பு மாதிரி சின்ன வேலைகளுக்கு மட்டும்தான். மேலே தளம் உட்காரும் சுவர், தூண், கான்கிரீட் கூரை எதற்கும் இதை நினைக்க வேண்டாம். அதெல்லாம் இன்ஜினியர் வேலை.

டஸ்ட் வாங்குவது

கடையில் மூன்று சரக்கு இருக்கும். கல்லை உடைக்கும்போது தானாக விழுவது டஸ்ட். தட்டையும் கூருமாக இருக்கும். அதற்கென்றே உள்ள மெஷினில் மறுபடி உடைத்து, மணி வடிவத்துக்குக் கொண்டுவந்து கழுவியது எம் சாண்ட். பூச்சு வேலைக்கு இன்னும் நைசாகச் சலித்தது பி சாண்ட். டஸ்ட்டையே எம் சாண்ட் என்று விலை சொல்லி விற்பவர்களும் உண்டு. 2023-ல் தமிழக அரசு எம் சாண்டுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்ததற்கு இந்தக் கலப்படமும் ஒரு காரணம். நமக்கு வேண்டியது டஸ்ட்தான், எனவே டஸ்ட் என்றே கேட்டு, டஸ்ட் விலையே கொடுங்கள். லோடாக எடுத்தால் நடைச்சீட்டை (குவாரிச் சரக்கை வண்டியில் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பாருங்கள். சென்னையைச் சுற்றியுள்ள குவாரிகளில் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையின் கல் பல்லாவரம் பக்கத்துப் பாறை வகை என்று கண்டு, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். நம்ம ஊர்ப் பாறைக்குப் பெயர் கல்கத்தா கல்லறையிலிருந்து வந்த கதை இது. சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாறையின் பொடி நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்மை தட்டினால் பாறைக்கு மேலே கிடந்த மண்ணையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பாட்டில் சோதனை: இதை மட்டும் தாண்டாதீர்கள்

கல் உதிர்ந்தால் எல்லாரும் சிமெண்டைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி டஸ்ட்டில் இருக்கும் நைஸ் பொடி. எனக்கு வந்த இரண்டு லோடில் ஒன்று கல்பொடி, இன்னொன்றில் களிமண். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி நேரான கண்ணாடி பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு டஸ்ட் போடுங்கள். முக்கால் பாட்டில் வரும்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடி இறுக்கி நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் மறந்துவிடுங்கள். அடியில் பருமணல் படியும், அதன்மேல் நைஸ் அடுக்கு உட்காரும். இந்த மேல் அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது.

அது சாம்பல் நிறமாக இருந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டால் அது வெறும் கல்பொடி. கொஞ்சம் இருப்பது நல்லதுதான், கல்லின் முகம் வழவழப்பாக வரும். உடைகல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறது, ஆற்று மணலுக்கு அதே அளவுகோல் 3 சதவீதம்தான். மேல் அடுக்கு பழுப்பாக இருந்து, மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே நின்றால் அது களிமண். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கும், கழுவினாலும் ரேகையில் ஒட்டிக்கொண்டு போகாது. கல்பொடி நறநறவென்று இருக்கும், ஒரு அலசலில் போய்விடும். களிமண் லோடைத் திருப்பி அனுப்புங்கள். அலசிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்வார். அந்தத் தண்ணீர்ச் செலவுக்கு எம் சாண்டே வாங்கிவிடலாம்.

கல்பொடியே அதிகமாகத் தெரிந்தால், அதாவது மேல் அடுக்கு அடி மணலில் கால்வாசிக்கு மேல் போனால், நாலு பங்கு டஸ்ட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு எம் சாண்ட் போடுகிறேன். இது என் கைக்கணக்கு.

அளவு

சிமெண்ட் 1, டஸ்ட் 4, கால் இன்ச் சிப்ஸ் (பொடி ஜல்லி) 4. பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில் போடுவது எனக்குப் பிடிக்காது, ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு கும்பாச்சி வரும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் 17.5 லிட்டரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை மூட்டை சிமெண்ட் அந்தக் கோட்டுக்குச் சரியாக வரும். அதே வாளியில் டஸ்ட் நாலு, சிப்ஸ் நாலு. ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் கலக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் அச்சில் போட்டு முடிக்க வேண்டும். 400 x 200 x 100 மி.மீ. கல் பன்னிரண்டு, பதின்மூன்று வரும். ஒவ்வொன்றும் 17 கிலோவை ஒட்டி இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு கவனம். ஈர டஸ்ட் உப்பிக்கொள்ளும். வாளி நிறைந்தது போல இருந்தாலும் உள்ளே சரக்கு குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் போடுவதாக இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.

சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம், கர்ச்சீப் போதாது. இந்தப் பொடியில் குவார்ட்ஸ் இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. என்95 போடுங்கள், டஸ்ட்டை லேசாக ஈரமாக்கிவிட்டுச் சலியுங்கள்.

தண்ணீர்

முதலில் தண்ணீர் இல்லாமல் நிறம் ஒன்றாகும்வரை புரட்டுங்கள். பிறகு பூவாளியில் தெளித்துத் தெளித்து. புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். உள்ளங்கை நனையலாம், விரல் இடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. காய்ந்த டஸ்ட் என்றால் அரை மூட்டைக்கு 15 லிட்டரை ஒட்டி வரும், ஆனால் அதை வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டஸ்ட்டின் கூரான துகள்கள் ஆற்று மணலைவிட அதிகம் தண்ணீர் கேட்கும். இளகட்டுமே என்று அளவுக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் அச்சைத் தூக்கியதும் கல் வயிறு தள்ளும்.

சரியான பதத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அச்சை எடுத்தவுடன் கல்லின் பக்கவாட்டில் சிலந்தி வலைபோல் மெல்லிய ஈரக்கோடுகள் தெரியும். அது இல்லாமல் வறவற என்று இருந்தால் அடுத்த கலவையில் ஒரு சொம்பு கூட்டுங்கள்.

திருவான்மியூர், பாலவாக்கம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டாம். கம்பி இல்லாத கல் என்பதால் ஒன்றும் இடிந்துவிடாது, ஆனால் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். மெட்ரோ தண்ணீர் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு

இரும்பு அச்சுதான். பிளைவுட் அச்சு நாலு நாளில் உப்பி, மூலை பிய்த்துக்கொள்ளும். உள்பக்கம் டீசலும் பழைய சமையல் எண்ணெயும் கலந்து தடவுங்கள். வண்டியின் கழிவு ஆயில் கறை விடும். மூன்று தடவையாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் இரும்பு திமிசால் இடியுங்கள், மூலைகளில் கூடுதலாக. அச்சை நேராக மேலே தூக்க வேண்டும், ஆட்டக் கூடாது.

முதல் நாள் நிழலில், மேலே ஈரக் கோணி. மறுநாளிலிருந்து 14 நாள் தண்ணீர் விட்டுக் க்யூரிங். அதன்பின் நாலு வாரம் காய விட்டே கட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2185. இந்த நாலு வாரத்தை யாரும் மதிப்பதில்லை. பச்சையாகக் கட்டினால் சுவரில் கல் காய்ந்து சுருங்கும், மூட்டு மூட்டாக விரிசல் விடும்.

கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க, காய்ந்த கல் ஒன்றைப் பழைய பேப்பர் கடைத் தராசில் எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி போடுங்கள். கூடுதல் எடை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 17 கிலோ கல் 18.7-க்குள் இருக்க வேண்டும். லேபில் அடுப்பில் காயவைத்து எடுப்பார்கள் என்பதால் வீட்டுக் கணக்கு கொஞ்சம் சலுகையாகவே வரும்; 9 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

பின்சேர்க்கை

அனல்மின் நிலையச் சாம்பலையும் சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள். பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) என்று இருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் ஏற்கனவே இருக்கிறது, மேலும் சேர்த்தால் கல் இறுகவே பல நாள் பிடிக்கும். ஓபிசி (சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட்) என்றால் சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம், க்யூரிங்கை 21 நாளாக்குங்கள்.

வேறு சுரங்கக் கழிவு கிடைக்கிறது, போடலாமா என்று கேட்டவர்களுக்கு: நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணைக் கழுவி எம் சாண்ட் எடுக்கிறார்கள், ஆலையில் பக்குவப்பட்ட அந்தச் சரக்கு சரி. ஆனால் 2001-ல் மூடிய கோலார் தங்கச் சுரங்கத்து மண்மேடு சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த மிச்சம். அலுமினிய ஆலைச் செம்மண் சேறு கடுமையான காரம். இரண்டையும் லேப் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.