எஸ்ஓஏ-வுக்கு பிசினஸ் பிராசஸ் மாடல் பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்ஓஏ (சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர், அதாவது பல பிராசஸும் பொதுவா கூப்பிடற சர்வீஸ்களா சாஃப்ட்வேரைப் பிரிச்சுக் கட்டற முறை) ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச புதுசுல எல்லாரும் மும்முரமா டயகிராம் வரைவாங்க, டெவலப்மென்ட் சூடு பிடிச்சதும் அதை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்ல கோடிங் ஒரு பக்கம் போயிருக்கும், மாடல் ஒரு பக்கம் நிக்கும். டூல் சரியில்லன்னு பழி போடறது சுலபம். ஆனா பெரும்பாலும் பிரச்சினை வரையும்போதே உள்ள வந்துடுது: அடிக்கடி மாறுற விஷயத்தையும் நின்னு நிலைக்க வேண்டிய விஷயத்தையும் ஒரே கட்டத்துக்குள்ள போட்டுக் கலக்கிடறோம். பிராசஸ்னா மாறிட்டே இருக்கும், வரிசை மாறும், அப்ரூவல் ஒண்ணு கூடும், ரெண்டு குறையும். சர்வீஸ் அப்படி இல்ல. "இந்த பாலிசி இன்னிக்கு செல்லுபடியா இருக்கா"ன்னு கேட்டா பதில் சொல்ற சர்வீஸுக்கு, கேக்கறது கிளைம் பிராசஸா ரினியூவல் பிராசஸான்னு தெரியவே வேண்டாம், அது பாட்டுக்கு பத்து வருஷம் நிக்கணும். இந்தப் பிரிவு மாடல்லயே வரலன்னா அப்புறம் எந்த மிடில்வேர் (சிஸ்டங்களை இணைக்கற சாஃப்ட்வேர்) வாங்கிப் போட்டாலும் வராது.

வண்டி இன்சூரன்ஸ் கிளைமையே உதாரணமா வச்சுக்குவோம். கிளைம் பதிவாகுது, பாலிசி செல்லுபடி பாக்கறாங்க, சர்வேயர் வந்து சேதத்தைப் பாத்து ரிப்போர்ட் குடுக்கறார், எவ்வளவு தரலாம்னு முடிவாகுது, பணம் போகுது. பாக்க அஞ்சே கட்டம் தான்.

முதல் சறுக்கல், பிராசஸ் வரையறோம்னு நினைச்சுட்டு டிப்பார்ட்மென்ட் சார்ட்டை வரையறது. "ஃபைனான்ஸ்", "கிளைம்ஸ் டீம் ஏ", "பேக் ஆபீஸ்"னு ஸ்விம்லேன் (யார் செய்ற வேலைன்னு காட்ட டயகிராம்ல போடற பட்டை) போட்டுட்டு, அப்புறம் அந்த லேன் பேர்லயே சர்வீஸும் பிறக்கும், "பேக் ஆபீஸ் சர்வீஸ்"னு. அடுத்த தடவை நிர்வாகம் ரெண்டு டீமை ஒண்ணாக்கினா பிசினஸ்ல ஒரு துளி மாறியிருக்காது, ஆனா மாடலும் சர்வீஸும் மொத்தமா திரும்ப எழுதணும். லேன்ல ரோல் தான் இருக்கணும், அதாவது "கிளைமை மதிப்பிடறவர்", "ஒப்புதல் தர்றவர்"னு. அந்த ரோலை எந்த டீம் இன்னிக்கு பாக்குதுங்கறது தனியா ஒரு இடத்துல இருந்தா போதும்.

இதுக்கு நேர் எதிர் பக்கத்துல இருந்து வர்ற தப்பு, இருக்கற ஸ்கிரீனையும் டேட்டாபேஸ் டேபிளையும் பாத்து மாடல் பண்றது. டேபிள் பேர் கிளைம், அதனால "கிரியேட் கிளைம், அப்டேட் கிளைம், டெலீட் கிளைம்"னு சர்வீஸ் ஆபரேஷன். இது சர்வீஸே இல்ல, டேபிளுக்கு முன்னாடி ஒரு கதவு, அவ்வளவு தான். "அப்டேட் கிளைம் ஸ்டேட்டஸ்"னு ஒண்ணு இருந்தா, ஸ்டேட்டஸ் 7 போட்டா என்ன அர்த்தம், 7ல இருந்து 4க்கு திரும்பப் போகலாமா, எல்லாமே கூப்பிடற ஒவ்வொருத்தரும் தன் பக்கத்துல எழுதி வச்சுக்கணும், ஆளாளுக்கு வேற மாதிரி எழுதுவாங்க. அதுவே "கிளைமை நிராகரி"ன்னு ஆபரேஷன் வச்சு, காரணம் இல்லாம கூப்பிட முடியாதுன்னு வச்சா, பணம் போன கிளைமை நிராகரிக்க முடியாதுங்கற விதி சர்வீஸுக்குள்ளயே உக்காந்துடும். பிசினஸ் ஆள் வாயில எந்த வினைச்சொல் வருதோ அது ஆபரேஷன் பேரா வரணும்.

எவ்வளவு பெரிய சர்வீஸ், எவ்வளவு சின்ன சர்வீஸ்ங்கறதுல தான் நிறைய சண்டை நடக்கும். டயகிராம்ல இருக்கற ஒவ்வொரு கட்டமும் ஒரு சர்வீஸ்னு முடிவு பண்ணிட்டா முப்பது குட்டி சர்வீஸ் வரும், ஒரு கிளைமுக்கு நெட்வொர்க்ல நூறு கால் ஓடும், எங்க ஃபெயில் ஆச்சுன்னு தேடறதே ஒரு வேலையாயிடும். பயந்துட்டு எல்லாத்தையும் "கிளைம் பிராசஸ் பண்ணு"ன்னு ஒரே சர்வீஸ்ல அடைச்சா, பிராசஸே சர்வீஸுக்குள்ள மறைஞ்சு போச்சு, ஒரு அப்ரூவல் சேக்கணும்னா மறுபடி ரிலீஸ். என்னைக் கேட்டா அளவுகோல் ரொம்ப எளிமையானது: இதே விஷயத்தை இன்னொரு பிராசஸும் கேக்குமா, கேட்டா வர்ற பதில் பிசினஸுக்கு முழுசா ஒரு அர்த்தம் தருமா? ரெண்டுக்கும் ஆமான்னா சர்வீஸ். கட்டத்துல சிலது மனுஷன் செய்ற வேலை, சிலது வெறும் ரூல், அதையெல்லாம் சர்வீஸாக்க வேண்டிய கட்டாயமே இல்ல.

ரூல்னதும் ஞாபகம் வருது. வண்டிக்கு வயசு இவ்வளவு, சேதம் இவ்வளவு, முந்தின கிளைம் இருக்கா இல்லையான்னு எட்டு டயமண்ட் (பாதை பிரியற கேள்விக் கட்டம்) வரிசையா போட்டு வரைஞ்ச டயகிராம் நிறைய பாக்கலாம். அது ஃப்ளோ இல்ல, முடிவு அட்டவணை. ஓஎம்ஜிங்கற (ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்) ஸ்டாண்டர்ட் அமைப்பு இதுக்காகவே 2015ல டிஎம்என் (டிசிஷன் மாடல் அண்ட் நொட்டேஷன்)னு தனி ஸ்டாண்டர்ட் வெளியிட்டாங்க. பிராசஸ்ல "தொகையை முடிவு செய்"னு ஒரே கட்டம், அதுக்குப் பின்னாடி ஒரு டேபிள். ரூல் மாறினா டேபிள்ல ஒரு வரி மாறும், டயகிராமை தொடவே வேண்டாம்.

அடுத்து சொல்லப்போறது தான் ப்ரொடக்ஷன்ல ஆளைப் படுத்தற தப்பு, கொஞ்சம் நிதானமா பாக்கணும். பிபிஎம்என்ல (பிராசஸ் டயகிராம் வரையறதுக்கான ஸ்டாண்டர்ட் குறியீட்டு முறை) ஒவ்வொரு அம்பு வழியாவும் ஒரு டோக்கன், அதாவது வேலை இப்போ எங்க நிக்குதுன்னு காட்டற அடையாளம், நகருதுன்னு தான் கணக்கு, கார்ல் ஆடம் பெட்ரி 1962ல தன் ஆய்வேட்டுல போட்ட அடித்தளத்துல இருந்து வளர்ந்த பெட்ரி நெட் யோசனை அது. இப்போ நம்ம கிளைம்ல நேரம் மிச்சம் பண்ணலாம்னு, பாலிசி செக்கையும் சர்வேயர் வேலையையும் பேரலல் கேட்வே வச்சு ஒரே நேரத்துல கிளப்பி விடறோம், கடைசியில ரெண்டும் ஒரு பேரலல் ஜாயின்ல (எல்லாப் பக்கத்து டோக்கனும் வந்தா தான் தாண்ட விடற இடம்) சேரணும். பாலிசி பக்கம் "செல்லுபடியாகுமா?"ன்னு ஒரு டயமண்ட், இல்லன்னா "கிளைம் நிராகரிப்பு"ன்னு ஒரு எண்ட் ஈவென்ட். டயகிராமா பாத்தா ரொம்ப நியாயமா இருக்கு, ரிவ்யூல எல்லாரும் தலையாட்டிடுவாங்க. ஆனா பாலிசி செல்லாதுன்னு வந்தா அந்த ஒரு டோக்கன் மட்டும் தான் முடியும், சர்வேயர் பக்கம் போன டோக்கன் தன் வேலையை முடிச்சுட்டு ஜாயின்ல வந்து நின்னு, வரவே வராத இன்னொரு டோக்கனுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். எரர் வராது, அலாரம் அடிக்காது, அந்த கிளைம் "நடந்துக்கிட்டிருக்கு"ன்னே லிஸ்ட்ல கிடக்கும்.

உடனே டெர்மினேட் எண்ட் போட்டா சரியாயிடும்னு யாராவது சொல்வாங்க. சரியாகாது, ஏன்னா டெர்மினேட் எல்லா டோக்கனையும் அப்படியே அழிச்சுட்டுப் போயிடும், காம்பன்சேஷன் (முடிஞ்ச வேலையை ஈடுகட்டற படி) எதுவும் ஓடாது, சர்வேயருக்கு "வர வேண்டாம்"னு யாரும் சொல்லலை, அவர் பாட்டுக்கு கிளம்பி வண்டியைப் பாக்கப் போயிருப்பார். பாலிசி செக் சீக்கிரம் முடியற வேலைன்னா பேரலலே வேண்டாம், அதை முதல்ல வச்சுடலாம், அது தான் நல்ல மாடல். இல்ல பேரலல் கட்டாயம் வேணும்னா ரெண்டையும் ஒரு சப்-பிராசஸுக்குள்ள வச்சு, செல்லாதுன்னு தெரிஞ்சதும் எரர் ஈவென்ட் கிளப்பி வெளிய வந்து, சர்வேயருக்கு ரத்து மெசேஜ் அனுப்பிட்டு அப்புறம் முடிக்கணும். இதுல தலைகீழ் தப்பு ஒண்ணு இருக்கு, பேரலல்ல பிரிச்சுட்டு சாதாரண எக்ஸ்க்ளூசிவ் கேட்வேல (வர்ற டோக்கனைக் காத்திருக்காம அப்படியே தாண்ட விடறது) சேக்கறது: ரெண்டு டோக்கனும் தனித்தனியா தாண்டிப் போகும், அதுக்கடுத்த கட்டம் பணம் அனுப்பறதுன்னா பணம் ரெண்டு தடவை போகும். எதால பிரிச்சோமோ அதாலயே சேக்கணும், நடுவுல யாரும் வெளிய ஓடிடக் கூடாது.

எல்லாம் நல்லபடியா நடக்கற பாதையை மட்டும் வரைஞ்சுட்டு "எக்ஸெப்ஷன் எல்லாம் டெவலப்பர் பாத்துப்பாங்க"ன்னு விடறது இன்னொரு பெரிய தப்பு. எஸ்ஓஏல ஒரு பிராசஸ் பல சிஸ்டத்தைத் தொட்டுட்டுப் போகுது, நாள் கணக்குல ஓடுது, அதனால ஒரே டேட்டாபேஸ்ல பண்ற மாதிரி மொத்தத்தையும் ரோல்பேக் (நடக்காத மாதிரி பழைய நிலைக்கே திருப்பறது) பண்ண முடியாது. ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987ல சாகாங்கற யோசனையைச் சொன்னதே இந்த மாதிரி நீண்ட பரிவர்த்தனைக்காகத் தான்: ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டற இன்னொரு படி இருக்கணும். பிபிஎம்என்ல ரெண்டு முக்கோணம் பின்னாடி திரும்பின மாதிரி இருக்கற காம்பன்சேஷன் குறி அதுக்குத் தான். ஆனா ஈடுகட்டறதுன்னா அழிக்கறது இல்ல. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பின ஒப்புதல் கடிதத்தை இல்லன்னு ஆக்க முடியாது, ரத்துக் கடிதம் ஒண்ணு அனுப்பத் தான் முடியும், அந்த ரத்துக் கடிதத்துல என்ன இருக்கணும், யார் கையெழுத்துங்கறது பிசினஸ் முடிவு. டெவலப்பர் ராத்திரி உக்காந்து யூகிக்க வேண்டிய விஷயம் இல்ல அது.

டைமரும் அப்படித் தான். சர்வேயர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கற இடத்துல "வரலன்னா?"ன்னு கேக்காத மாடல் அரைகுறை மாடல். மெசேஜும் டைமரும் ரெண்டையும் எதிர்பாக்கற ஈவென்ட் கேட்வே ஒண்ணு வச்சு, எத்தனை நாள், அப்புறம் யாருக்குப் போகணும், வேற சர்வேயரா, நினைவூட்டலான்னு எழுதிடணும். பணம் அனுப்பற சர்வீஸைக் கூப்பிட்டு டைம்அவுட் ஆச்சுன்னா பணம் போச்சா போகலையான்னு நமக்குத் தெரியாது, திரும்பக் கூப்பிட்டா ரெண்டாவது தடவை போயிடக் கூடாது, அதனால கூப்பிடும்போதே ஒரு தனி அடையாள எண் அனுப்பி, அதே எண் மறுபடி வந்தா பழைய பதிலையே தர்ற மாதிரி சர்வீஸ் ஒப்பந்தத்துல இருக்கணும். மாடல் பண்றவங்க இதை டெக்னிக்கல்னு ஒதுக்கிடறாங்க, ஆனா இழப்பு பிசினஸுக்குத் தானே.

வெளி ஆட்களை வரையற விதத்துலயும் தடுமாற்றம் உண்டு. சர்வேயர் வேற நிறுவனத்து ஆள்னா அவர் நம்ம பூல்ல (ஒரு நிறுவனத்தோட பிராசஸை அடைக்கற பெரிய கட்டம்) ஒரு லேன் இல்ல, தனி பூல். பூல் எல்லையைத் தாண்டி சீக்வென்ஸ் ஃப்ளோ (அடுத்த வேலையைக் காட்டற அம்பு) போகக் கூடாது, மெசேஜ் ஃப்ளோ (செய்தி போறதைக் காட்டற அம்பு) தான் போகணும், அதே பூலுக்குள்ள மெசேஜ் ஃப்ளோ வரவும் கூடாது. இது வெறும் இலக்கணப் பிடிவாதம்னு நினைக்க வேண்டாம்: மெசேஜ் ஃப்ளோ வர்ற இடம் தான் உங்க சர்வீஸ் இன்டர்ஃபேஸ் வரப்போற இடம். அவர் உள்ள எப்படி வேலை செய்றார்னு நாம வரையத் தேவையே இல்ல, பூலை வெறுமையா விட்டுடலாம். என்ன போகுது, என்ன வருது, திரும்பி வர்ற ரிப்போர்ட் எந்த கிளைமுக்குன்னு எந்த எண்ணை வச்சு சேக்கறோம், இது மூணும் போதும். அந்த எண்ணை மறந்துட்டா, ஒரே வண்டிக்கு ரெண்டு கிளைம் ஓடிட்டிருக்கும்போது ரிப்போர்ட் தப்பான கிளைம்ல போய் ஒட்டிக்கும்.

அப்புறம் ஒரே டயகிராம்ல எல்லாரையும் திருப்திப்படுத்தற ஆசை. பிபிஎம்என் 1.0 வந்தது 2004ல, அப்போ பிசினஸ் ஆள் பிபிஎம்என்ல வரைவார், டூல் அதை பிபெல்லா (சர்வீஸ்களைக் கூப்பிட்டு பிராசஸை ஓட்டற மொழி) மாத்தி ஓட்டும்னு ஒரு பெரிய எதிர்பார்ப்பு. ஒயாசிஸ்ங்கற ஸ்டாண்டர்ட் அமைப்பு 2007ல அதோட டபிள்யூஎஸ்-பிபெல் 2.0ஐ ஸ்டாண்டர்டாவும் ஆக்கிடுச்சு. ஆனா பிபெல் பெரும்பாலும் ப்ளாக் ப்ளாக்கா அடுக்கற மொழி, பிபிஎம்என்ல அம்பை எங்க வேணா திருப்பி விடலாம், அதனால ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி, அங்க திருத்தி, மறுபடி திரும்பக் கொண்டு வர்றதுல ரொம்ப பேர் மாட்டிக்கிட்டாங்க. மனுஷன் செய்ற வேலைக்கு பிபெல்ல நேரடியா இடமும் இல்ல, தனி எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டுச்சு. 2011ல பிபிஎம்என் 2.0 தானே நேரடியா ஓடற மாதிரி வந்துச்சு, அதுலயும் விவரிக்க ஒரு தொகுப்பு, ஆராய ஒரு தொகுப்பு, ஓட்ட ஒரு தொகுப்புன்னு பிரிச்சே வச்சிருக்காங்க. நிர்வாகத்துக்குக் காட்டற படத்துல ரீட்ரை எத்தனை தடவைன்னு இருக்கத் தேவையில்ல, எஞ்சின்ல ஓடற படத்துல அது இல்லாம முடியாது. ரெண்டு நிலையா வரைங்க, மேல இருக்கற கட்டம் கீழ எந்த சப்-பிராசஸ்னு இணைப்பு மட்டும் விட்டுப் போகாம பாத்துக்கங்க. ஒரு படத்துல 50 உறுப்புக்கு மேல போனா உடைச்சுடுங்கன்னு பிராசஸ் மாடலிங் ஆராய்ச்சியாளர்கள் சொல்றதும் நல்ல எல்லை. கட்டத்துக்குப் பேர் வைக்கும்போது "வெரிஃபிகேஷன்"னு மொட்டையா விடாம "பாலிசியை சரிபார்"னு எதை, என்ன செய்றோம்னு எழுதினாலே பாதி குழப்பம் தீரும்.

கடைசியா ரொம்ப பேர் யோசிக்காத ஒண்ணு, ஓடிக்கிட்டிருக்கற கேஸ்கள். புது மாடல் இன்னிக்கு டெப்ளாய் ஆகுது, ஆனா போன மாசம் ஆரம்பிச்ச கிளைம் இன்னும் சர்வேயர் ரிப்போர்ட்டுக்காக நிக்குது. அது பழைய பாதையிலயே முடியணுமா, புது பாதைக்கு மாறணுமா? புதுசா சேத்த அப்ரூவல் சட்டத்தால வந்ததுன்னா பழைய கேஸுக்கும் வேணும், வெறும் வசதிக்காகன்னா பழசு பழைய மாதிரியே முடியட்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதைக் கேட்டு மாடலோடயே எழுதி வைக்கணும். சர்வீஸ் டீமும் இதுல இருக்காங்க, பழைய வெர்ஷன்ல கடைசி கேஸ் முடியற வரைக்கும் அது கூப்பிடற ஆபரேஷனை எடுக்கவோ மாத்தவோ கூடாது, அதுக்கு எந்த பிராசஸ் வெர்ஷன் எந்த சர்வீஸ் வெர்ஷனைக் கூப்பிடுதுன்னு ஒரு பட்டியல் ரெண்டு டீம் கையிலயும் இருக்கணும்.