முகத்துக்குத் தினமும் சன்ஸ்க்ரீன்: முதல் ட்யூப் வாங்கப் போகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் "நம்ம கலருக்கு எதுக்கு சன்ஸ்க்ரீன்?" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், வெயிலில் சட்டென்று சிவந்து எரியாது, சரி. ஆனால் வெயில் பட்டால் அதே மெலனின் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு படிவது அதனால்தான். பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்பதற்கும் வெயில் ஒரு பெரிய காரணம். நம் தோலுக்கு சன்ஸ்க்ரீன் முக்கியமாக இதற்குத்தான் வேண்டும். நிறம் வெளுக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

1. உங்கள் மேல் படும் வெயில் எவ்வளவு?

கடைக்குப் போகும் முன் இதை யோசியுங்கள். வண்டியில் போகிறீர்களா, பஸ்ஸிலா? வேலை கூரைக்குக் கீழேயா, தோட்டத்திலா?

வெயிலில் நம்மைப் பாதிக்கும் புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. யூவி-பி தோலை எரிக்கும். யூவி-ஏ இன்னும் ஆழமாக உள்ளே போய் தோலைக் கறுக்க வைக்கும், சுருக்கமும் விழ வைக்கும். சாதாரணக் கண்ணாடி யூவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யூவி-ஏ அதன் வழியாகவே நிறைய உள்ளே வரும். அதனால் ஜன்னலை மூடிவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வருபவர்கள் கவனியுங்கள்: காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம், சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம்தான். டிரைவர் பக்க ஜன்னல் சீட்டே வாடிக்கை என்றால் முகத்தின் ஒரே பக்கம் தினமும் இரண்டு முறை வெயில் வாங்குகிறது. இடப்பக்கம் உட்காருவது காசில்லாத பாதுகாப்பு.

ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது, ஆனால் உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கூடும், குறையாது. போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் யூவி இன்டெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அது 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். நம் மாவட்டங்களில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் மதிய நேரத்தில், மார்கழியில்கூட, அதைத் தாண்டிவிடும்.

2. ட்யூபில் பார்க்க வேண்டியவை

எஸ்.பி.எஃப். என்பது யூவி-பிக்கான எண். 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. அதனால் 30-க்குக் கீழே வேண்டாம். 50-க்கு மேல் போட்டிருக்கிறது என்பதற்காக அதிகக் காசும் கொடுக்க வேண்டாம். பி.ஏ. என்பது யூவி-ஏக்கானது, பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். குறைந்தது மூன்று இருக்கட்டும், நான்கு இருந்தால் நல்லது. மங்கு உள்ளவர்கள் எஸ்.பி.எஃப். எண்ணைவிட இதையே முதலில் பாருங்கள். அப்புறம் காலாவதித் தேதி.

3. உங்கள் தோலுக்கு எது?

எண்ணெய் வழியும் முகம், பரு வரும் முகம் என்றால் ஜெல் வகை. வறண்ட தோலுக்கு க்ரீம். எது போட்டாலும் எரிகிற தோல் என்றால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த மினரல் வகை ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். ஆனால் மாநிற, கறுப்பு முகத்தில் அது விபூதி பூசியதுபோல வெளுத்துத் தெரியும். அதனால்தான் பலர் இரண்டு நாள் போட்டுவிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். இதற்கு நல்ல வழி, நிறம் சேர்த்த டின்டட் வகை. அந்த நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும். அதையும் ஓரளவு தடுப்பது இந்த இரும்பு ஆக்சைடுதான். மங்கு இருந்தால் என் முதல் பரிந்துரை இதுவே.

கடையில் "இது போட்டா ஒரே வாரத்துல மங்கு போயிடும்" என்று வேறு க்ரீம் எடுத்து நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயிலே தாங்காமல் போகும். மங்குக்கு மருந்து வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

4. விலையைக் கணக்குப் போடுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ட்யூபில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. அந்த அளவுக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் ஒரு வேளைக்கு. ஏறக்குறைய ஒரு கிராம். தினம் ஒருமுறை என்றாலும் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். ஆறு மாதம் வருகிறது என்றால் பொட்டு வைப்பதுபோல வைக்கிறீர்கள், எண் 50 ஆனாலும் அந்தப் பலன் கிடைக்காது. ஆகவே ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கையைக் கடிக்காமல் வாங்க முடிகிற விலையில் எடுங்கள். பெயர் பெற்ற விலை உயர்ந்த க்ரீமைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, சாதாரண க்ரீமைத் தாராளமாகப் பூசுவது மேல்.

5. பூசும் முறை

புது ட்யூபை முதலில் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போடுபவர்கள் அதைப் போட்டு, அதன்மேல் சன்ஸ்க்ரீன். பவுடர் கடைசி. காது, மூக்கின் ஓரம், பின்கழுத்தை மறக்காதீர்கள். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள்.

வெளியிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மாந்தோப்பிலோ ரோஜாத் தோட்டத்திலோ வேர்த்து வழியும்போது அது முடியாத காரியம் என்று தெரியும். அங்கே அகல விளிம்புத் தொப்பியும் துண்டும்தான் முதல் காவல், க்ரீம் அடுத்தது. முகம் கறுத்துவிட்டது என்று எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, பட்டை பட்டையாகக் கறுக்கும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு சன்ஸ்க்ரீன் வேண்டாம், நிழலே போதும். ட்யூபை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். ஒகேனக்கல் போனால் தண்ணீர் தாங்கும் வகையாக எடுத்துப் போங்கள். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல் எல்லாம் முடிந்து, முகத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, பரிசல் ஏறுவதற்கு முன் மறுபடி இரண்டு விரல் அளவு பூசிக்கொள்ளுங்கள்.