புரொப்பெல்லர் மாற்றும் முன் டேக்கோமீட்டரைப் பாருங்கள்

அவுட்போர்டு எஞ்சினுக்கு (படகின் பின்புறம் வெளியே பொருத்தும் எஞ்சின்) புதிய புரொப்பெல்லர் வாங்கும் முன், வழக்கமாக ஏற்றும் ஆட்கள், எரிபொருள், சரக்குடன் படகை முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று, அதைக் காட்டும் டேக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கையேட்டில் அதற்கென ஒரு வரம்பு இருக்கும். பல எஞ்சின்களுக்கு 5,000 முதல் 6,000 வரை.

புரொப்பெல்லரில் 13 x 17 என்று இருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச் (வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்), இரண்டும் அங்குலத்தில். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். ஆகவே 4,700 மட்டுமே வந்தால் இரண்டு அங்குலம் குறைவானதை வாங்கலாம். வரம்பைத் தாண்டினால் பிட்ச்சைக் கூட்ட வேண்டும். பிட்ச் அதிகமானால் படகு பறக்கும் என்று கடைக்காரர் சொல்லலாம். எஞ்சினால் சுற்ற முடியாத பிட்ச் வேகத்தைக் குறைக்கும், எஞ்சினையும் திணறடிக்கும்.

படகின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் படிந்திருந்தாலோ, புரொப்பெல்லரின் இலை வளைந்திருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேற்றுவரை சரியாக ஓடிய படகில் திடீரெனச் சுற்று குறைந்தால் கோளாறு பெரும்பாலும் எஞ்சினில்தான்.