தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஜெர்மனிக்குப் படிக்க வருபவர்கள் முதல் வருடம் செய்யும் தவறுகள்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்த தம்பி ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. "அண்ணா, இதெல்லாம் என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று பையைச் சமையலறை மேசையில் கவிழ்த்தான். பதினொரு கடிதங்கள். அதில் எட்டைப் பிரிக்கவே இல்லை. முக்கியமான விஷயம் என்றால் மெயிலில் வரும், இல்லாவிட்டால் போன் பண்ணுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

டீ போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒன்றில் அவனுடைய வரி எண் இருந்தது. பகுதி நேர வேலை கொடுத்த இடத்தில் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த எண் அதுதான். இன்னொன்றில் வங்கி அட்டையின் ரகசிய எண். அட்டை ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் வேறொரு கடிதத்தில் வரும் என்பது அவனுக்குத் தெரியாது. அட்டை வேலை செய்யவில்லை என்று நினைத்து ஊரிலிருந்து பணம் வரவழைத்துச் செலவு செய்திருந்தான். மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. டிராமில் பரிசோதகர் வந்த அன்று மாணவர் பயண அட்டை அறையில் இருந்துவிட்டது. பெயர் போட்ட அட்டையை சில நாட்களுக்குள் அலுவலகத்தில் காட்டினால் பெரும்பாலான ஊர்களில் 7 யூரோ அளவில் முடிந்துவிடும். முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவன் பிரிக்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் முழு அபராதம் 60 யூரோ. மூன்றாவதில் வசூல் நிறுவனத்தின் செலவும் சேர்ந்துவிட்டது.

அவன் சோம்பேறி இல்லை. வகுப்பில் கெட்டிக்காரன். யாராவது நினைவூட்டுவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் அவன் செய்த தவறு. ஜெர்மனியில் நினைவூட்டல் கடிதமாகத்தான் வரும், பெட்டியில் விழுந்ததும் சொல்லியாயிற்று என்றே கணக்கு. புதிதாக வருகிறவர்களின் கஷ்டங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தபால் பெட்டி

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். உங்கள் பெயர் பெட்டியில் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். அது வந்த விஷயமே உங்களுக்குத் தெரியாது. அறைக்குள் சூட்கேஸை இறக்கி வைத்த அன்றே பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி பெயரை எழுதித் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். கடிதங்களெல்லாம் அப்பா பெயருக்கு 'திரு' போட்டு வரும். பெட்டியில் கூப்பிடும் பெயரை மட்டும் எழுதி வைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

அரசு அலுவலகங்களின் சாதாரணக் கடிதங்களுக்கு, தபாலில் சேர்த்த நான்காம் நாள் உங்கள் கையில் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2025-க்கு முன்பு அது மூன்றாம் நாள். எதிர்ப்புத் தெரிவிக்க வழக்கமாக ஒரு மாதம் இருக்கும், அந்த ஒரு மாதம் அன்றிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். மஞ்சள் உறையில் வருவது இன்னும் முக்கியம். உறையின் மேலேயே தபால்காரர் தேதி எழுதியிருப்பார். அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. மொழி புரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்தாலே மொழிபெயர்த்துக் காட்டுகிற காலம் இது. பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

பதினொன்றில் இன்னொரு மூன்று கடிதங்கள் பொது ஒளிபரப்புக் கட்டணத்துக்கானவை. ரூண்ட்ஃபுங்க்பைட்ராக் என்பார்கள். வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். முகவரியைப் பதிவு செய்ததும் உங்கள் விவரம் தானாகவே அவர்களுக்குப் போய்விடும். கவனியுங்கள், இது வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடலாம். பதில் எழுதாமல் விட்டால் நான்கு பேரும் தனித்தனியாகப் பாக்கிக்காரர்கள் ஆகிவிடுவீர்கள். தம்பியின் அறைத்தோழர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

முகவரிப் பதிவு

வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இதற்கு வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரிய நகரங்களில் அலுவலக நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் விமானம் ஏறும் முன்பே இணையத்தில் முன்பதிவு செய்ய முயலுங்கள்.

"அறை தருகிறேன், ஆனால் அன்மெல்டுங் கிடையாது" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். வாடகை குறைவாக இருக்கும், மனசு இழுக்கும். ஆனால் வரி எண், வசிப்பு அனுமதி, பல இடங்களில் வங்கிக் கணக்குகூட அந்தப் பதிவை நம்பித்தான் இருக்கிறது. அதே போல, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்" என்று சொல்பவர் நூற்றுக்கு நூறு மோசடிக்காரர். வைப்புத்தொகை என்று மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அடிப்படை வாடகை என்றால் ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராதது.

விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நேர்காணலுக்கு நாள் கிடைக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அலுவலகத்தின் பதில் வரும்வரை உங்கள் இருப்பு சட்டப்படி செல்லும், அதற்கு ஓர் இடைக்காலச் சான்றும் வாங்கலாம். முடிந்த மறுநாள் அனுப்பினால் கதையே வேறு.

மருத்துவக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குப் பொதுக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். தனியார் பாலிசி 30, 40 யூரோவுக்குக் கிடைக்கிறதே என்று கடன் வாங்கி வந்திருக்கும் பிள்ளைகள் யோசிப்பது நியாயம்தான். ஆனால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். மலிவான பாலிசிகளில் பல, முன்பே இருந்த நோயை ஏற்பதில்லை. மனநலச் சிகிச்சையைத் தொடுவதே இல்லை. இரண்டு வருடத்தில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? நான் யாருக்கும் தனியாரைப் பரிந்துரைக்க மாட்டேன். பொதுக் காப்பீட்டில் சேர்ந்த பிறகு தவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் அவசரச் சிகிச்சை, வலி போன்றவை தவிர மற்றவற்றை நிறுத்திவிடலாம்.

இரவில் காய்ச்சல் என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

இது அரியர் இல்லை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம்மூர்ப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு அரியர் என்றால் பழகிய விஷயம். ஒரு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், ஏழெட்டு அரியர் வைத்து கடைசியில் எல்லாவற்றையும் முடித்தவர்களை நாமே பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வரக் கூடாது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மொத்தம் மூன்று முறைதான் எழுதலாம், சில இடங்களில் இரண்டே முறை. கடைசி முறையும் போய்விட்டால் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழக்கமாக முடியாது. படிப்பு போனால் அதை நம்பியிருக்கும் வசிப்பு அனுமதியும் ஆட்டம் காணும்.

அப்புறம், வகுப்புக்குப் போனாலே தேர்வுக்குப் பெயர் சேர்ந்துவிடாது. ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த நாட்களுக்குள் நீங்களே பதிய வேண்டும். ஹால் டிக்கெட் கொடுத்துக் கூப்பிட ஆள் கிடையாது. பதிந்துவிட்டு, விலகும் கடைசி நாளுக்குள் விலகாமல், அன்று போகாமல் இருந்தால் தோல்வி என்றே குறிப்பார்கள். மூன்றில் ஒன்று வீண். உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். இங்கே 1.0 தான் உச்ச மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. முதல் தேர்வில் 4.0 வந்ததும் வீட்டுக்கு போன் பண்ணி "நாலு வாங்கிட்டேன்" என்று சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

அடுத்த செமஸ்டருக்கான கட்டணத்தைத் தேதிக்குள் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. அதை மறந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் உண்டு.

"சீனியர் சொன்னார்"

வாட்ஸ்அப் குழுக்களில் நல்ல மனசோடு உதவுகிறார்கள். நானும் அப்படி ஒரு குழுவின் உதவியில் வந்தவன்தான். ஆனால் அங்கே சொல்லப்படுவது சொல்பவர் வந்த வருடத்து விதி. விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்ட் அக்கவுண்ட் (மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு) தொகை வருடத்துக்கு 11,208 யூரோவாக இருந்தது, 2024 செப்டம்பரில் 11,904 ஆனது. மாணவர்கள் வேலை செய்யக்கூடிய நாட்கள் 120 ஆக இருந்து, 2024 மார்ச்சில் 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் ஆனது. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று இன்னும் சொல்கிறார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்க ஆரம்பித்தது 2017-இலேயே. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது. அதனால் சீனியரிடம் கேளுங்கள், ஆனால் எந்த அலுவலகத்தின் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

வேலை விஷயத்தில் இன்னொன்று. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டில் மாணவர் சலுகை போய்விடக்கூடும். சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ் என்ற பெயரில் எதையும் தொடங்க வேண்டுமென்றால் முன்பே அனுமதி வாங்க வேண்டும், மாணவர் அனுமதியில் அது தானாக வராது. முதல் செமஸ்டரில் வேலை தேடி அலையாதீர்கள் என்பது என் கருத்து. முடிந்தால் அந்த ஆறு மாதச் செலவை பிளாக்ட் அக்கவுண்ட் தருவதிலேயே சமாளித்து, மிச்ச நேரத்தை ஜெர்மன் படிக்கக் கொடுங்கள். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்பார்கள். படிப்பு ஆங்கிலத்தில்தான், வேலை கேட்டுப் போகும் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஜெர்மனில்தான் பேசும்.

வீட்டுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். பாட்டில்களைக் குப்பையில் போடாதீர்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கடையில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். சாம்பார் கொதிக்கும்போது குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது வைப்புத்தொகையில் கை வைப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் வையுங்கள்.

டிசம்பரைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பெர்லினில் அப்போது மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிடும் பிள்ளைகள் நிறைய. பகல் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர் நலச் சேவையின் உளவியல் ஆலோசனை இருக்கிறது, பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தமிழ்க் குரல் கேட்க வேண்டும் போலிருந்தால், ஹம் நகரின் யூண்ட்ராப் பகுதியில் ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது, கோடை தொடங்கும்போது தேரோட்டம் நடக்கும்.

தம்பியின் பதினொரு கடிதங்களுக்கும் அன்று இரவு 9 மணிக்குள் பதில் எழுதி முடித்தோம். டிராம் அபராதத்தைக் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஏப்ரலில் அவன் வேறு அறைக்கு மாறினான். மாறும் முன்பே பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைத் திருப்பிவிட அஞ்சலகத்தில் பணம் கட்டி ஏற்பாடு செய்துவிட்டு, புது முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட்டுத்தான் எனக்கு போன் பண்ணினான்.