ஆறு ஜேம்ஸ் பாண்டுகளை ஒரே தராசில் நிறுப்பது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கூடி ஜேம்ஸ் பாண்ட் பேச்சை எடுத்தால், தாத்தா ஷான் கானரி என்பார், மாமா ரோஜர் மூர் என்பார், பிள்ளைகள் டேனியல் கிரெய்க் என்பார்கள். மூன்று தரப்பும் சொல்வது பெரும்பாலும் தங்கள் வயதைத்தான். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில். அதற்கு முன் பாண்டைப் பார்த்த நம்மவர்கள் பயாஸ்கோப்பில்தான் பார்த்தார்கள். டர்பன் என்றால் கிரே தெருவைச் சுற்றியிருந்த இந்தியர் கொட்டகைகளில். அந்தப் பெரிய திரையும் இருட்டும் கூட்டத்தின் கைதட்டலும் நடிகரின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றைக் கழித்துவிட்டு நடிப்பை மட்டும் நிறுக்க ஒரு மாலைப் பொழுது போதும்.

நடாலில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் வாங்கிய நம் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். அர்ச்சுனன் யார், என்ன செய்வான் என்பதும் தெரியும். இந்த முறை வேஷம் கட்டியவர் அதை எப்படித் தாங்கினார் என்பதே கேள்வி. பாண்டும் அப்படி ஒரு வேஷம். கோட்டு, துப்பாக்கி, பின்னணி இசை, கார் எல்லாம் வேஷத்தோடு வருபவை. யார் கட்டினாலும் கிடைக்கும். அவை ஓய்ந்து நிற்கும் இடத்தில் கட்டியவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதற்குத்தான் மதிப்பெண்.

கணக்கு முதலில். பாண்ட் படங்களின் தயாரிப்பாளரான இயான் (Eon) நிறுவனம் 1962 முதல் 2021 வரை எடுத்தவை 25 படங்கள். கானரி 6, ஜார்ஜ் லேசன்பி 1, மூர் 7, டிமோதி டால்டன் 2, பியர்ஸ் பிராஸ்னன் 4, கிரெய்க் 5. கானரி 1983இல் வேறு தயாரிப்பாளருக்கு நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' இதில் சேராது. முழுப் படங்களை வைத்துக்கொண்டு ஒப்பிட உட்காராதீர்கள். 'கசினோ ராயல்' 144 நிமிடம், 'நோ டைம் டு டை' 163 நிமிடம். இரண்டு முடிவதற்குள் கண் களைத்துவிடும், லோட்ஷெடிங் நாளாக இருந்தால் பாதியில் மின்சாரமும் போய்விடும். ஆளுக்கு இரண்டு காட்சி, காட்சிக்கு நாலு நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு காட்சிக்கு 48 நிமிடம். இரண்டு முறை ஓட்டி, இடையில் எழுத நேரம் விட்டாலும் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும்.

எந்தக் காட்சிகள்

ஒன்று, கொல்லும் அல்லது கொல்லத் துணியும் காட்சி. மற்றொன்று, உள்ளே ஏதோ உடையும் காட்சி. துரத்தலும் வெடிப்பும் வேண்டாம். அவற்றில் நடிகரைவிட மற்றவர்கள் உழைப்புத்தான் அதிகம்.

கானரிக்கு 'டாக்டர் நோ'வில் பேராசிரியர் டென்ட்டுக்காகக் காத்திருக்கும் இடம். தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டென்ட் வந்து படுக்கையைச் சுட்டுத் தள்ளிய பிறகும் அவசரமில்லை. சுட்ட பின் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அடுத்தது 'கோல்ட்ஃபிங்கர்' லேசர் மேசை: உடலைக் கட்டிப் போட்டாயிற்று, மிச்சம் இருப்பது முகமும் குரலும். பயத்தை மறைத்துக்கொண்டு உயிருக்காகப் பேரம் பேசுகிறார். அந்தப் பயம் குரலில் எந்தச் சொல்லில் எட்டிப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

லேசன்பிக்குக் கொலைக் காட்சி எதுவும் ஒப்பிடத் தோதாக அமையவில்லை. அதற்குப் பதிலாக 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் பனிச்சறுக்குத் திடலில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் இடத்தை எடுங்கள். ஓடிக் களைத்து, காலரைத் தூக்கிவிட்டு, நிஜமாகவே பயந்த ஒரு பாண்ட். வேறு எவரும் இவ்வளவு வெளிப்படையாகப் பயப்படவில்லை. இரண்டாவது, படத்தின் கடைசிக் காட்சி: கல்யாணமான சில நிமிடங்களில் மனைவி டிரேசி இறந்து கிடக்கிறாள். முகத்தை அவள் தலைமேல் புதைத்துக்கொள்கிறார். ஒரே படம் நடித்தவர் என்பதற்காக இவரைத் தள்ளிவிடுபவர்கள் இந்தக் காட்சியை ஒரு முறை ஒலியில்லாமல் பார்க்க வேண்டும்.

மூருக்கு 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'. பாறை விளிம்பில் கொலையாளியோடு தொங்கும் காரை உதைத்துத் தள்ளும் இடம். சிரித்துக்கொண்டே வந்த மனிதரிடம் அந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று வியக்க வைக்கும். இரண்டாவதாக 'ஆக்டோபஸி'யில் கோமாளி வேஷத்தில் குண்டை நிறுத்தப் போராடும் இடம். இவருடைய பெரிய ஆயுதமான புருவம் அரிதாரத்துக்குள் மறைந்துவிட்டது. கண்ணும் குரலும் மட்டும் வைத்துக்கொண்டு, நம்ப மறுக்கும் கூட்டத்திடம் மன்றாடுகிறார். மூர் புருவத்தால்தான் நடிப்பார் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்தப் படத்தில் உதய்ப்பூர் வருகிறது, சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் வருகிறார். நம் வீடுகளில் படத்தின்மேல் தனிப் பாசம் இருக்கும். அந்தப் பாசத்தை மூரின் கணக்கில் எழுதாதீர்கள்.

டால்டனுக்கு 'த லிவிங் டேலைட்ஸ்' ஒன்றே போதும். பிராட்டிஸ்லாவாவில் ஜன்னல் வழியே குறிபார்த்து, எதிரே இருப்பவள் தொழில்முறைக் கொலைகாரி அல்ல என்று கண்ட கணத்தில் அவர் முகம் முடிவை மாற்றுகிறது. பிறகு வியன்னாவில் சக உளவாளி சாண்டர்ஸ் இறந்ததும் பலூனைப் பிடித்து உடைக்கும் கோபம். அதைத் தொடர்ந்து வரும் சில நொடிகள் முக்கியம், நிறுத்திவிடாதீர்கள்.

பிராஸ்னனுக்கு 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் ஹாம்பர்க் விடுதி அறையில் வோட்காவோடு தனியே காத்திருக்கும் இடமும், 'த வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' படத்தில் வில்லி எலெக்ட்ராவைச் சுடும் இடமும். சுட்ட பிறகு அவள் பக்கம் குனிகிறாரே, அதுவரை ஓடவிடுங்கள். கிரெய்க்குக்கு 'கசினோ ராயல்' கறுப்பு வெள்ளைத் தொடக்கம்; பிறகு மாடிப்படிச் சண்டை முடிந்து, கண்ணாடி முன் ரத்தத்தைக் கழுவி, விஸ்கியை ஒரே மூச்சில் விழுங்கும் இடம்.

ஓட்டும் விதம்

படம் வந்த வரிசையில் ஓட்டாதீர்கள். முதலில் வருபவர் அளவுகோலாகிவிடுவார். பின்னால் வருபவர்கள் எல்லாம் கானரியின் நகலா இல்லையா என்ற பேச்சு தொடங்கிவிடும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள்.

முதல் சுற்று ஒலியை முழுக்க அடக்கி. இசைதான் பாண்ட் படத்தின் பெரிய வசியம். அந்தக் கிதார் மெட்டு கேட்டாலே யார் நடந்தாலும் பாண்ட் மாதிரித் தெரியும். ஒலி போனதும் யார் வெறுமனே நிற்கிறார், யார் யோசிக்கிறார் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டாவது சுற்று ஒலியோடு, ஆங்கிலத்திலேயே. தமிழ் டப்பிங்கில் பார்த்தால் கேட்பது வேறொருவர் குரல்; குரலுக்கு மதிப்பெண் போடவே முடியாது. குரலில் சந்தேகம் இருந்தால் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள்.

40 அங்குலத் தொலைக்காட்சி என்றால் இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். கைபேசியில் கிரெய்க்கின் தாடை இறுகுவது தெரியாது, கானரியின் நடை மட்டும்தான் தெரியும். முடிவு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நடிகரின் கணக்கில் சேராதவை

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முதல் மூன்று படங்களின் தொடக்கத்தில் வரும் துப்பாக்கிக் குழல் காட்சியில் நடந்து வந்து திரும்பிச் சுடுபவர் கானரி அல்ல, சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ். கானரி அதைத் தானே செய்தது 1965இல் வந்த 'தண்டர்பால்' முதல். 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' தொடக்கத்தில் பனிமலையிலிருந்து பாய்ந்து பாராசூட் விரிப்பவர் ரிக் சில்வெஸ்டர். 'கோல்டன்ஐ' அணையிலிருந்து குதிப்பவர் வெய்ன் மைக்கேல்ஸ். மூருக்கும் பிராஸ்னனுக்கும் அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

குரலிலும் கண்ணி உண்டு. லேசன்பி, சர் ஹிலரி பிரே என்ற ஆளாக நடித்து மலையுச்சிக்குப் போகும் பகுதியில் கேட்பது ஜார்ஜ் பேக்கரின் குரல். அதை வைத்து லேசன்பியைப் புகழ்ந்தாலும் தவறு, திட்டினாலும் தவறு. உடையைப் பொறுத்தவரை, கானரிக்கு அந்தத் தோரணையைப் பழக்கியதில் இயக்குநர் டெரன்ஸ் யங்குக்குப் பெரும் பங்குண்டு. தன் தையல்காரரிடமே அழைத்துப்போனவர் அவர். ஆனால் கோட்டை மறந்துவிட்டு அதற்குள் ஒரு மனிதர் நடமாடுவது நடிகரின் வேலை. அதற்குத் தாராளமாகப் போடலாம்.

மதிப்பெண்

மொத்தம் 20. உடலுக்கு 4, குரலுக்கு 4, கேலி வசனத்துக்கு 3, மௌனத்துக்கு 9. கேலிக்கு ஆளுக்கு அரை நிமிடத் துண்டு ஒன்று போதும். பேசுபவருக்கே அது வேடிக்கையாக இருக்கிறதா, அல்லது கொன்றதை மறக்கப் பேசுகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். மௌனத்துக்கு ஒன்பது ஏன் என்றால், வசனம் எழுத்தாளருடையது, கேலியும் அவருடையதே. எதுவும் பேசாமல், எதுவும் வெடிக்காமல் இருக்கும் அந்த இருபது நொடிதான் நடிகரின் சொந்தச் சொத்து.

ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், அவரவர் தாளில் எண்ணை எழுதிவிட வேண்டும். இது கட்டாயம். பெரியவர் ஒருவர் "என்ன நடிப்பு!" என்று சொல்லிவிட்டால் இளையவர்கள் கை தானாக ஏறும், மரியாதைக்காகப் போட்ட எண் எதற்கும் உதவாது. மௌனத்துக்கான எண்ணில் இருவருக்குள் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒருவர் நடிகரைப் பார்த்திருப்பார், மற்றவர் கதையைப் பார்த்திருப்பார்.

எந்த பாண்டை அளவுகோலாக வைப்பது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இயன் ஃபிளெமிங் 1953இல் தொடங்கிய நாவல்களின் பாண்ட் களைத்தவன், தொழிலில் கசப்பு ஏறியவன். அந்த அளவுகோலுக்கு டால்டன் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்குவார், மூர் அடிவாங்குவார். கொட்டகை நிறைய ஜனங்களைச் சிரிக்க வைக்கும் திரை பாண்ட் என்றால் எண்கள் தலைகீழாகும். இரண்டையும் கலந்தால் சண்டைதான் மிஞ்சும். ஏழு படத்தையும் சேர்த்து மூரின் சராசரியை எடுப்பதும் அநியாயம். அவர் கானரிக்குப் பின் வந்தவரே ஒழிய வயதில் மூத்தவர். 1927இல் பிறந்தவர், 'எ வ்யூ டு எ கில்' வந்தபோது 57. கடைசிப் படத்தின் தளர்ச்சியை 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யின் தலையில் கட்டக் கூடாது.

ஒருவர் விஷயத்தில் கூட்டம் பிளந்து நின்றால் அவர் பாண்டாக இல்லாத ஒரு படத்தைப் பாருங்கள். மூருக்கு நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது: 1974இல் வந்த 'கோல்ட்', தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கக் கதை, இங்கேயே படமாக்கியது. இயக்குநர் பீட்டர் ஹன்ட். லேசன்பியை இயக்கியவரும் அவரே. பாண்டின் கோட்டைக் கழற்றிய மூரிடம் எது மிஞ்சுகிறது, எது மறைகிறது என்று பார்த்தால் பாதி வாதம் அடங்கிவிடும்.

அடுத்து வரப்போகும் பாண்டுக்காகத் தாளில் ஏழாவது ஒரு பத்தி கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். 2005 அக்டோபரில் கிரெய்க்கின் பெயரை அறிவித்தபோது, தலைமுடி பொன்னிறம் என்பதற்காகவே படத்தைப் புறக்கணிப்போம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். மறு ஆண்டு 'கசினோ ராயல்' வந்தது. புதியவரின் பத்தியில் சுவரொட்டியையோ முன்னோட்டத்தையோ பார்த்து எதையும் எழுதாதீர்கள். படம் வந்ததும் அவர் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சியைத் தேடி எடுங்கள், ஒலியை அடக்குங்கள், மற்ற ஆறு பேரோடு சேர்த்துக் குலுக்கிப் போட்டு ஓட்டுங்கள்.