ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டால் முதலில் ஊசி முனையைப் பாருங்கள்

பெயிண்டைக் காற்றோடு சேர்த்துத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்துக் கெடுத்தவர்களைவிட, தேவையில்லாமல் கழற்றிக் கெடுத்தவர்கள் குறைவில்லை. பெயிண்ட் வெளியேறும் வாயான 0.3 மி.மீ. நாசில் என்பது அரிசியைவிடச் சின்ன பித்தளைத் துண்டு. ஸ்பேனரைக் கொஞ்சம் அழுத்தித் திருகினால் மரையோடு முறிந்துவிடும். அதனால் எப்போது கழற்ற வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். இங்கே சொல்வது மேலே கப் வைத்த டபுள் ஆக்‌ஷன் வகைக்கும் (ஒரே ட்ரிகர் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும்), தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டுக்கும்.

உள்ளே நடப்பது எளிமையானது. ட்ரிகரை அழுத்தினால் காற்று வரும். அப்படியே பின்னால் இழுத்தால் ஊசி நகர்ந்து, அதன் கூர்முனைக்கும் நாசில் வாய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். பெயிண்ட் அந்த வளையம் வழியாகத்தான் வெளியே வருகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு காய்ந்த துணுக்கு அங்கே ஒட்டினாலும் ஓட்டம் மாறிவிடும். முக்கால்வாசிப் பிரச்சினைகள் முளைப்பது இந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான்.

கலர் மாற்றும்போது எதையும் கழற்ற வேண்டாம். மிச்சப் பெயிண்டை ஊற்றிவிட்டு, கப்பை டிஷ்யூவால் துடையுங்கள். அரை கப்புக்குக் குறைவாகத் தண்ணீர் விட்டு, பழைய மென்மையான பிரஷ்ஷால் கப்பின் அடிக்குழியைத் தேய்த்து, பழைய துணியின்மேல் அடித்து வெளியேற்றுங்கள். மறுபடி தண்ணீர் விட்டு, காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, நாசிலை மூடியிருக்கும் முன்மூடியின் வாயை மடித்த டிஷ்யூவால் பொத்திக்கொண்டு ட்ரிகரை அழுத்தி லேசாக இழுங்கள். வெளியேற வழியில்லாத காற்று நாசில் வழியாகத் திரும்பி, கப்பில் குமிழ் குமிழாகக் கொப்பளிக்கும். மூலையில் ஒளிந்திருந்த கலர் அதோடு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். விரலை வைத்துப் பொத்தாதீர்கள், ஊசி குத்தும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, வெள்ளை டிஷ்யூவில் அடித்தால் கறை விழாத வரை தொடருங்கள். மெட்டாலிக் கலருக்குப் பிறகு வெள்ளை அடிப்பதாக இருந்தால் ஏர்பிரஷ் க்ளீனரால் இன்னொரு சுற்று அவசியம். மினுமினுப்புத் துகள்கள் லேசில் போகாது.

அன்றைய வேலை முடிந்த பிறகு ஊசியை வெளியே எடுத்தே ஆக வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். வால்பகுதியைத் திருகி எடுத்து, ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, நேராகப் பின்னால் உருவுங்கள். முனையில் பெயிண்ட் திட்டாக ஒட்டியிருந்தால் மட்டும், முதலில் நாசிலைக் கழற்றிவிட்டு ஊசியை முன்பக்கமாக எடுங்கள். பின்னால் இழுத்தால் அந்தப் பெயிண்டெல்லாம் உள்ளே ஊசியைச் சுற்றியிருக்கும் பேக்கிங் வளையத்தில் வழித்துக்கொண்டு தங்கிவிடும். சில நாளில் ட்ரிகர் பிசுபிசுவென்று இழுபட ஆரம்பிப்பது இதனால்தான். ஊசியைத் துடைக்கும்போது எப்போதும் அடியிலிருந்து முனை நோக்கி, சுழற்றியபடி துடையுங்கள்.

நாசிலை வாரம் ஒருமுறையோ, அடைப்பு தெரியும்போதோ கழற்றினால் போதும். சிங்க் ஓட்டையை மூடிவிட்டு, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். தண்ணீர் காயாத பெயிண்டைத்தான் கரைக்கும். காய்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும். நாசிலை மட்டும் ஒரு சின்ன மூடியில் க்ளீனர் ஊற்றி 15 நிமிடம் ஊற வைத்து, நாசில் ரீமரை (உட்புறத்தைச் சுரண்டும் மெல்லிய கூர்க்கருவி) அழுத்தாமல் மெல்லச் சுழற்றி எடுங்கள். தையல் ஊசி நாசில் வாயை விரித்துவிடும், பல்குத்தியின் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கும். க்ளீனருக்கு மசியாவிட்டால் லாக்கர் தின்னர். ஆனால் உலோகத் துண்டுகளுக்கு மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு. ஏர்பிரஷ்ஷை முழுதாகத் தின்னரில் போட்டால் ரப்பர் ஓ-ரிங்குகள் உப்பிப் போகும். அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரிலும் ஊற வைக்காதீர்கள், பித்தளையை அரிக்கும். ஸ்பிரிட் பட்டால் சில அக்ரிலிக்குகள் ரப்பர் போலத் திரியும், ஒரு சொட்டில் சோதித்துவிட்டு உபயோகியுங்கள்.

பூட்டும்போது வரிசை முக்கியம்: நாசில் முதலில், ஊசி கடைசியில். நாசில் இறுகியது கையில் தெரிந்ததும் நிறுத்துங்கள். இவாட்டா எக்லிப்ஸ் போன்றவற்றில் நாசிலுக்கு மரையே கிடையாது. வைத்து மூடியைத் திருகினால் தானாக உட்காரும், புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஊசியை மெல்லத் தள்ளி, நாசிலில் தட்டியதும் விட்டுவிட்டு நட்டை முடுக்குங்கள். அதற்குமேல் தள்ளினால் நாசில் வாய் பிளக்கும்.

இனி கோளாறுகள். அடித்துக்கொண்டிருக்கும்போதே கலர் மங்கி, ட்ரிகரை இன்னும் இழுத்ததும் திடீரென்று புள்ளி புள்ளியாகத் துப்பினால், ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்திருக்கிறது. க்ளீனரில் நனைத்த காட்டன் பட்ஸால் முனையைத் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். அடிக்கடி வந்தால் பெயிண்டைப் பால் பதத்துக்கு இளக்கி, 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் அடித்துப் பாருங்கள்; பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேர்க்கலாம். தலைக்குமேல் ஃபேன் ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

வாயைப் பொத்தாமலே கப்பில் குமிழ் வந்தால் காற்று நாசிலின் ஓரமாகப் பெயிண்ட் வழிக்குள் புகுகிறது. நாசிலும் முன்மூடியும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தும் குமிழ் வந்தால் நாசில் மரையில் துளி தேன்மெழுகு தடவிப் பூட்டுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பூதக்கண்ணாடியில் நாசில் வாயைப் பாருங்கள், மயிரிழை விரிசல் தெரியும்.

இழுக்காமல் வெறும் காற்றை அழுத்தும்போதே பெயிண்ட் வந்தால் ஊசி முழுதாக உட்காரவில்லை, அல்லது நாசிலுக்குள் அழுக்கு. தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முனை வளைந்திருக்கும். ஊசியை நகத்தின்மேல் லேசாக உருட்டி இழுத்தால் கொக்கி தட்டுப்படும். சிறிய வளைவை, தட்டையான கண்ணாடியில் முனையைச் சாய்த்து வைத்து உருட்டியபடி இழுத்து நிமிர்த்தி, 2000 நம்பர் எமரி பேப்பரால் மெருகேற்றலாம்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு: ஈரக்காற்றை கம்ப்ரஸர் அழுத்தும்போது அது தண்ணீராகக் குழாயில் தங்கி, நடுவில் சொட்டாகத் தெறிக்கும். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஈரப்பொறியின் அடி வால்வைத் திறந்து, வேலைக்கு முன்னும் நடுவிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள். டேங்க் இருந்தால் அதையும்.

விரிசல் விட்ட நாசிலை ஒட்டவோ தட்டிச் சேர்க்கவோ முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதே மாடலுக்கான நாசிலையே கேட்டு வாங்குங்கள். ஊசி முனையும் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், 0.5 ஊசி 0.3 நாசிலில் உட்காராது.